மைதிலி நிறுத்திய ஆட்டம்

செவ்வாய்க்கிழமை மதியம், சுவிஸில் ஷ்லீரன் நகரில் எங்கள் அலுவலகத்து உணவறை வரிசையில் நின்றபோது, கல்லூரி நண்பன் யோனாஸ் அழைத்தான். யோனாஸ் அழைப்பவன் அல்ல. பிறந்தநாளுக்குக்கூட இரண்டு சொல் எழுதி அனுப்புவதோடு சரி. திரையில் அவன் பெயரைக் கண்டதும் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு வெளியே போனேன். "மைதிலி காலையில் போய்விட்டாள்," என்றான். அவன் தோட்ட வேலை செய்பவன். பக்கத்தில் யாரோ கல் அறுக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. "மாலையில் கதைக்கிறேன்," என்று வைத்துவிட்டான்.

மார்புப் புற்றுநோய். மருந்துகள் இனிக் கேட்காது என்று வைத்தியர்கள் சொல்லியிருந்ததும் எங்களுக்குத் தெரியும். நாற்பது வயதை அவர் காணமாட்டார் என்று அவரே சொல்லியிருந்தார். ஆகவே செய்தி எதிர்பாராதது இல்லை. ஆனாலும் அந்த வாசலில் நின்றபோது எனக்குத் துக்கத்துக்கு முன்னால் வெட்கம்தான் வந்தது. மைதிலியை நினைக்கும்போதெல்லாம் அதுதான் முதலில் வரும். எங்கள் பழைய விளையாட்டு அணியில் இருந்த எவரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

அவரை அறிந்த உங்களில் பெரும்பாலானோர் மருத்துவமனைத் தாதியாகவே அறிந்தவர்கள். வைத்தியர் ஜெர்மனில் சொன்னதை உங்கள் அம்மாவின் கட்டில் விளிம்பில் அமர்ந்து நிதானமாகத் தமிழில் சொன்னவர். கோயில் தேரன்று தண்ணீர்ப் போத்தல்களோடு நிழலில் நின்று, வெயிலில் தலைசுற்றி வருபவர்களைப் பிடித்து இருத்தியவர். அவர் ஒரு காலத்தில் அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றின் ஆளாக இருந்தார் என்றால் நம்பச் சிரமப்படுவீர்கள். அந்தப் பருவத்தைப் பற்றி அவரும் வெளியில் சொல்லித் திரிந்ததில்லை, நாங்களும் சொன்னதில்லை. சொல்லிப் பெருமைப்படக்கூடிய பருவமாக அது இருக்கவில்லை.

சோலோதுர்னுக்குப் பக்கத்தில் நாங்கள் படித்த சிறிய தொழில்நுட்பக் கல்லூரியில், அமெரிக்காவிலிருந்து ஒரு வருடம் படிக்க வந்த மாணவன் ஒருவன் தொடங்கிவைத்துவிட்டுப் போன அணி அது. எங்களுக்குக் கணிதம் கற்பித்த ரேட்டோ பயிற்சியாளர் ஆனார். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு எதிரணியின் எல்லைக்குள் ஓடிச் சேர வேண்டும், அவர்கள் விழுத்திவிடுவார்கள், எழுந்து மறுபடி ஓட வேண்டும். பெரிய அணிகளில் தாக்குவதற்கு ஒரு குழு, தடுப்பதற்கு வேறொரு குழு, ஓரத்து வாங்கில் மாற்று ஆட்களாக இன்னும் பலர் இருப்பார்கள். எங்களிடம் இருந்தது ஒரே குழு. தாக்கியவர்களே திரும்பி நின்று தடுத்தோம். முதல் ஆட்டத்தில் எதிரணி எழுபது புள்ளிகளைத் தாண்டிய பிறகு, எங்கள் மேல் இரக்கப்பட்டோ என்னவோ, புள்ளிப் பலகையைப் பார்த்துக்கொண்டவர் அதை அணைத்துவிட்டார். திரும்பி வரும் ரயிலில் எங்கள் பெரிய பைகளைப் பார்த்து ஒரு வயதான அம்மா, "வென்றீர்களா?" என்று அன்போடு கேட்டார். "இது பயிற்சி ஆட்டம்தான்," என்றான் ஒருவன். மற்றவர்கள் யன்னலுக்கு வெளியே பார்த்தோம்.

ஒவ்வோர் ஆட்டத்திலும் முதலுதவி தெரிந்த ஒருவர் எல்லைக்கோட்டில் நிற்க வேண்டும் என்பது விதி. மைதிலி அப்போது தாதியர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவர் என்ற உரிமையில் அவரிடம் கேட்டேன்.

"ஃபுட்போலோ?"

"ஓம். ஆனா அமெரிக்கன் ஃபுட்போல்."

"அப்ப காலால அடிக்கிறேல்லையோ?"

"எப்பவாவது ஒருக்கா அடிப்பம்."

"பிறகேன் அந்தப் பேர்?" என்று கேட்டுவிட்டு அவரே தொடர்ந்தார்: "சரி, ஞாயிற்றுக்கிழமை தானே? வாறன். வீட்டில நிண்டா அம்மா கலியாணக் கதை துவங்கிடுவா."

பந்தைக் கையில் வாங்கிப் பார்த்த முதல் நாளே அதற்குப் பலாக்கொட்டை என்று பெயர் வைத்தார். இரண்டு வாரத்தில் சுவிஸ்காரப் பெடியன்களும் "பலாக்கொட்டை!" என்று கத்தத் தொடங்கினார்கள். அவர் விளையாட்டை விளங்கிக்கொள்ள முயன்றதே இல்லை. யார் எங்கே விழுகிறார்கள், எப்படி எழும்புகிறார்கள் என்பதை மட்டும் பார்ப்பார். "எனக்குப் புள்ளியைப் பற்றிச் சொல்லாதேயும். ஆர் நொண்டுறான் எண்டு சொல்லும்," என்பார்.

மூன்றாவது ஆட்டம் மழையில் நடந்தது. எங்களில் நன்றாக ஓடக்கூடியவன் யோனாஸ். அவனை இருவர் சேர்ந்து விழுத்தினார்கள். தலை நிலத்தில் மோதியது. எழுந்து வந்து, நாங்கள் கூடித் திட்டம் பேசும் வட்டத்தில் நின்று, "ஸ்கோர் என்ன?" என்றான். சொன்னோம். அடுத்த ஓட்டத்துக்கு வரிசையில் நிற்கப் போகும்போது, "ஸ்கோர் என்ன?" என்று மறுபடி கேட்டான். நாங்கள் சிரித்தோம். எங்கள் ஸ்கோரை மறந்துபோவது கெட்டிக்காரத்தனம் என்று யாரோ சொல்ல, இன்னும் சிரித்தோம்.

எல்லைக்கோட்டுக்குத் தண்ணீர் குடிக்கப் போனபோது மைதிலியிடமும் அவன் அதையே கேட்டான். அவர் சிரிக்கவில்லை. நேரே ரேட்டோவிடம் போனார். அவனை வெளியே எடுக்க வேண்டும் என்றார். ரேட்டோ கெட்ட மனிதர் இல்லை. காலியாகக் கிடந்த வாங்கைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். எனக்கு வேறு ஆள் இல்லை. இந்த ஒரு தடவை மட்டும் விடு," என்றார். நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மைதிலி வாங்கைப் பார்த்தார், யோனாஸைப் பார்த்தார், "சரி" என்றார். இருபத்தொரு வயதுப் பெண், தெரியாத விளையாட்டு, தன்னிலும் இரட்டிப்புக்கு மேல் வயதான விரிவுரையாளர். அவர் "சரி" என்றதில் எனக்கு அன்று ஒரு குறையும் தெரியவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது.

அடுத்த ஓட்டத்தில் பக்கவாட்டிலிருந்து வந்த அடியோடு யோனாஸ் விழுந்தான். எழும்பவில்லை.

அவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் வெளிச்சம் பட்டால் வாந்தி வந்தது. எழுத்தைப் பார்த்தால் வரிகள் ஓடின. மாதக்கணக்கில் யன்னல் மறைப்பை இறக்கிவிட்டு அறைக்குள்ளேயே கிடந்தான். நாங்கள் அணியாகச் சேர்ந்து ஒரு தடவை பழக்கூடை கொண்டுபோனோம். மைதிலி மட்டும் வாராவாரம் போனார். கதவைச் சற்றே திறந்து, அந்த நடைபாதை வெளிச்சத்தில் அவனுடைய பொறியியல் பாடப் புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பார். அவருக்கு அதில் ஒரு வரியும் விளங்காது. "பெரிய எஃப், பிறகு சமன், பிறகு சின்ன எம், பக்கத்தில் ஏதோ நண்டுக் கால் மாதிரி ஒன்று" என்று வாசிப்பாராம். யோனாஸ் நித்திரையாகிவிடுவான். இருந்தும் பரீட்சைக்கு அவனால் வர முடியவில்லை. அடுத்த வருடம் கல்லூரியை விட்டுவிட்டுத் தோட்ட வேலை பழகப் போனான். அந்த வேலை தனக்குப் பிடிக்கும் என்கிறான்; நான் நம்புகிறேன். ஆனால் மழை இருட்டும் நாட்களில் இன்றும் அவனுக்குத் தலை இடிக்கும்.

பருவத்தின் கடைசி ஆட்டம் எங்கள் சொந்த மைதானத்தில், ஷாஃப்ஹவுசனிலிருந்து வந்த அணியோடு. அதுவரை ஓர் ஆட்டமும் நாங்கள் வென்றிருக்கவில்லை. அடிபட்டவர்களும் பரீட்சைக்காரர்களும் போக, அன்று உடுப்புப் போட்டவர்கள் சரியாகப் பதினொரு பேர். எங்கள் பிரிவின் விதிப்படி அதற்கு ஒருவர் குறைந்தாலும் ஆட்டம் முடிந்தது, தோல்வி எங்களுக்கு. யோனாஸின் இடத்தில் கஜன் ஓடினான். அணியில் என்னைத் தவிர இருந்த ஒரே தமிழ்ப் பெடியன், எங்களில் இளையவன். அவனுடைய அப்பா நாதன் அங்கிள் முதலில் இந்த விளையாட்டே வேண்டாம் என்றவர். அன்று கோயிலுக்குப் போகிறவர் மாதிரிக் கோட் போட்டுக்கொண்டு, தெரிந்த நாலு குடும்பங்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அன்று என்ன நடந்ததென்று தெரியாது, கஜன் ஓடினான். விழுத்த வந்தவர்கள் கையில் அவன் அகப்படவில்லை. முதல் பாதியிலேயே எல்லைக்குள் சேர்ந்து ஒரு டச் டவுன், பிறகு இன்னொன்று. அந்தப் பருவத்தில் முதல் தடவையாக நாங்கள் முன்னால் நின்றோம். எங்கள் ஆட்கள் கம்பித் தடுப்பில் தாளம் போட்டார்கள். நாதன் அங்கிள் மற்றவர்களுக்கு விதிகளை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார், எல்லாவற்றையும் பிழையாக.

கடைசிக் கால் பகுதியில் கஜன் பந்தோடு விழுந்தான். உடனே எழுந்தான். ஆனால் எங்கள் பக்கம் வராமல் எதிரணியின் வட்டத்தை நோக்கி நடந்தான். நான்தான் கையைப் பிடித்துத் திருப்பினேன். மைதிலி அவனை வெளியே அழைத்து, ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி, முன்னால் குந்தி இருந்தார்.

"கஜன், இப்ப எங்க நிக்கிறாய்?"

"கிரவுண்டில, அக்கா."

"ஆரோட விளையாடுறாய்?"

"ஷாஃப்ஹவுசனோட."

"வீட்டு விலாசம் சொல்லு."

தடுமாறாமல் சொன்னான். வீதி, இலக்கம், எல்லாம். மைதிலி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அது அவையின்ர பழைய வீடு," என்றேன். "அவன் நாலாம் வகுப்புப் படிக்கேக்கயே விட்டிட்டினம்." சொன்ன அடுத்த கணமே அதைத் திரும்ப விழுங்க முடியாதா என்று இருந்தது.

மைதிலி ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். ரேட்டோ ஓடிவந்தார். "மைதிலி, ஏழு நிமிடம். ஏழே நிமிடம். இந்த ஒரு தடவை," என்றார். அதே சொற்கள் என்பது அவருக்கே அப்போது கேட்டிருக்காது. மைதிலி அவரைத் தாண்டி, ஹெல்மெட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பார்வையாளர் பக்கம் போய், கம்பித் தடுப்புக்கு மேலாக அதை நாதன் அங்கிளிடம் நீட்டினார்.

"அங்கிள், கஜன்ர மண்டை குழம்பிப்போச்சு. இனி அவன் விளையாடக் கூடாது. இதை நீங்கள் பிடியுங்கோ."

"ஏன் பிள்ளை? அவன் நல்லாத்தானே நிக்கிறான்?"

"யோனாஸ் எண்டொரு பெடியனும் இப்பிடித்தான் நிண்டவன். எனக்குத் தெரிஞ்சது, அங்கிள். தெரிஞ்சும் விட்டனான். அவன் இப்பவும் இருட்டு அறைக்குள்ள கிடக்கிறான். அது என்ர பிழை."

பிறகு திரும்பி, ரேட்டோவுக்கும் நடுவருக்கும் கேட்கும்படி அதையே ஜெர்மனில் சொன்னார். கம்பித் தாளம் நின்றுவிட்டது.

"அப்பா, தாங்கோ!" என்று கஜன் கத்தினான். அழுதுகொண்டிருந்தான். "எல்லாரும் பாக்கினம் அப்பா! பிளீஸ், தாங்கோ!"

"குடுங்கோ நாதன், வெல்லுற நேரம்," என்று பக்கத்தில் நின்ற யாரோ மெதுவாகச் சொன்னார்கள். நாதன் அங்கிள் மகனைப் பார்த்தார். கூட வந்த குடும்பங்களைப் பார்க்கவில்லை. இருக்கையில் அமர்ந்து, ஹெல்மெட்டைக் கால்களுக்கு நடுவே வைத்தார். கோட்டைக் கழற்றி அதன்மேல் போட்டு மூடினார்.

நடுவர் எங்களை எண்ணிப் பார்த்தார். பிறகு கைகளை உயர்த்தி ஆட்டத்தை முடித்தார். ஷாஃப்ஹவுசன்காரர்கள் வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். "நன்றாக விளையாடினீர்கள்," என்றார்கள். அவர்கள் கேலி செய்திருந்தால் தாங்கியிருக்கலாம். உடை மாற்றும் அறையில், "அவள் தன் பிளாஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்," என்றான் ஒருவன். ஒருவரும் அவனை மறுக்கவில்லை. நான் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவமனையில் கஜனுடைய தலையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. இரண்டு வாரத்தில் பழையபடி திரிந்தான். இந்தக் கதையைச் சொல்லும்போது கேட்பவர்கள் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். தலைக்குள் ஏதாவது இருந்திருந்தால் மைதிலி அன்றே எல்லோருக்கும் தெய்வமாகியிருப்பார். இல்லாதபடியால் ஒரு வெற்றியைக் கெடுத்தவர் ஆனார். பொம்பிளைப் பிள்ளைக்கு ஆம்பிளையளின்ர விளையாட்டுக்குள்ள என்ன வேலை என்று கோயிலில் கதைத்தது அவருடைய அம்மாவின் காதுக்கும் போனது. அந்த வாரம் சோலோதுர்ன் ரயில் நிலையத்தில் அவரைக் கண்டேன்.

"ஒண்டும் இல்லை எண்டு வந்தது நல்லதுதானே, பிரதீபன்?" என்றார். "பிறகேன் எல்லாரும் செத்தவீட்டு முகத்தோட திரியிறியள்?"

அடுத்த வருடம் அணியைப் பதிவு செய்யப் போதிய ஆட்கள் சேரவில்லை. அப்படியே முடிந்துபோனது.

சில வருடங்களுக்கு முன் ரேட்டோ ஓய்வு பெற்றபோது ஆரே ஆற்றங்கரையில் எங்களை எல்லாம் அழைத்து இறைச்சி வாட்டினார். மைதிலியும் வந்திருந்தார், அப்போது அவருக்கு நோய் இல்லை. ரேட்டோ கிளாஸைத் தட்டி எழுந்து, எங்கள் அணியில் துணிவுள்ள ஒரே ஆள் மைதிலிதான் என்று பேசத் தொடங்கினார். நாங்கள் கை தட்டினோம். இத்தனை காலம் கழித்துக் கை தட்டுவது சுலபமாக இருந்தது.

மைதிலி எழுந்தார். "நீங்கள் இரண்டாவது தடவையைப் பற்றிச் சொல்கிறீர்கள்," என்றார். "முதல் தடவை நான் 'சரி' என்றேன். யோனாஸ் இங்கேதான் இருக்கிறான். அவனுக்கு முன்னால் எனக்குக் கை தட்டாதீர்கள்."

ரேட்டோவின் முகம் சிவந்துபோனது. கிளாஸை மேசையில் வைத்தார். "அந்தச் 'சரி'யைக் கேட்டு வாங்கியவன் நான்," என்றார். கடைசியில் யோனாஸ்தான், "என்னைப் பற்றிக் கதைத்தது போதும். யாராவது அந்த இறைச்சியைத் திருப்புங்கள், கருகுகிறது," என்றான். கஜன் போய்த் திருப்பினான். அன்று மாலை முழுவதும் மைதிலியும் யோனாஸும் தண்ணீர் ஓரமாக ஒரு கல்லில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை.

கடைசியாகப் போன மாதம் அவரை மருத்துவமனையில் பார்த்தேன். கட்டிலில் சரிந்து இருந்தார். கைகள் மெலிந்து போயிருந்தன. நான் ஏதோ சொல்லத் தயாராவதை முகத்திலேயே கண்டுவிட்டார்.

"நன்றி கின்றி எண்டு துவங்காதேயும்," என்றார். "நீர் எப்பிடியும் என்னைப் பற்றி எழுதுவீர், எனக்குத் தெரியும். எழுதினா கஜன்ர கதையை மட்டும் எழுதாதேயும். யோனாஸின்ர கதையை முதல் எழுதும்."

"ஆக்கள் உங்களைப் பிழையா நினைப்பினம்," என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை "நீங்கள்" என்றிருந்தேன்.

"பிழை செய்தா அப்பிடித்தானே நினைக்க வேணும்?" என்று சிரித்தார். பிறகு தண்ணீர் கேட்டார்.

அவர் சொன்னபடி யோனாஸின் கதையை முதலில் எழுதியிருக்கிறேன். அதை நீங்கள் அவருடைய குறையாக வாசித்தாலும் சரி. அவர் அதை ஒளித்து வைக்க விரும்பவில்லை.

நான் இப்போது பழைய பாலங்களின் உறுதியைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். மைதிலியின் இறுதிச் சடங்கு முடிந்த வாரம், ஒரு நடைபாலத்தைக் குறித்த நாளில் திறந்துவிட வேண்டும் என்று எல்லோரும் மேசையைச் சுற்றி அவசரப்பட்டார்கள். ஓர் அளவீடு எனக்குத் திருப்தியாக இருக்கவில்லை. திறக்கக் கூடாது, மறுபடி அளக்க வேண்டும் என்று சொன்னேன். சொல்லத்தான் செய்தேன். ஆனால் அதற்கு முன்னால் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன். யார் கோபிப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். வேறு யாராவது சொல்லமாட்டார்களா என்று காத்திருந்தேன். வீட்டுக்குப் போகும் ரயிலில் அந்தத் தயக்கத்தை நினைத்து வெட்கத்தில் காது சுட்டது.

மைதிலியின் துணிவு எனக்கு வரவில்லை. அவரை அறிந்திருந்தேன் என்பதால் அது வந்துவிடும் என்று எண்ணியிருந்தேன், வரவில்லை. வந்திருப்பது இந்தக் காதுச் சூடு மட்டும்தான். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இது. தணியவிடாமல் வைத்துக்கொள்கிறேன்.